நல்ல கால் வேலையைத் திருடுற வரைக்கும் மெலிஞ்ச தொடை திரும்பி வராது

வணக்கம் சகோதரி. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால நீங்க எழுதினதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். உங்களுக்கு 41 வயசு, டீச்சர். 5 மாசம் முன்னாடி படியில வழுக்கி விழுந்து, இடது முட்டிக்கு நேர் கீழ இருக்கிற எலும்போட மேல் தட்டு, டிபியல் பிளாட்டோன்னு சொல்வாங்க, அது உடைஞ்சு பிளேட்டும் ஸ்க்ரூவும் வச்சு ஆபரேஷன் ஆகிருக்கு. 10 வாரம் கால் ஊனவே இல்ல. இப்ப எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பு நல்லா கூடிடுச்சு, நார்மலா நடங்கன்னு சர்ஜன் சொல்லிட்டாரு. ஆனா இடது தொடை வலது தொடையை விட 4 செ.மீ. மெலிசா இருக்கு, படி இறங்கும்போது முட்டி திடீர்னு விட்டுக் கொடுக்குது, சாயங்காலம் ஆனா வீக்கம். 6 வாரமா தினமும் 200 தடவை காலை நீட்டித் தூக்கறீங்க, 40 நிமிஷம் நடக்கறீங்க, டேப் வச்சு அளந்தா ஒரு மாற்றமும் இல்ல. "இனிமே இந்தக் கால் இப்படித்தானா, இந்த வயசுல தசை வளருமா, ஜிம்ல வெயிட் தூக்கினா பிளேட் உடைஞ்சிடுமா"ன்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில "கண்ணாடில என் காலைப் பார்க்கவே பிடிக்கல"ன்னு எழுதிருந்தீங்க. அந்த வரியை இதுவரைக்கும் எத்தனையோ பேர் வாயால கேட்டிருக்கேன், ஒவ்வொரு தடவையும் கஷ்டமாத்தான் இருக்கு.

வளரும். இதை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க சோம்பேறித்தனமா இருக்கீங்கன்னு எனக்குக் கொஞ்சம்கூட தோணல, தினமும் 200 தடவை தூக்கறவங்க சோம்பேறி கிடையாது. உழைப்பு சரியாத்தான் இருக்கு, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகல, அவ்ளோதான்.

முதல்ல அந்தத் தொடைக்கு என்னதான் ஆச்சுன்னு பார்ப்போம். காலை அசைக்காம வச்சிருந்தா தசை எவ்ளோ வேகமா கரையும்னு ஆரோக்கியமா இருக்கிற இளைஞர்களுக்கே கட்டுப் போட்டு அளந்து பார்த்திருக்காங்க. 5 நாள்ல தொடைத் தசையோட பருமன் 3.5 சதவீதம் குறைஞ்சுது, பலம் 9 சதவீதம் போச்சு. 14 நாள்ல பருமன் 8.4, பலம் 23. அந்தப் பலக் கணக்கைக் கவனிங்க, தசை கரையறதை விட பலம் ரெண்டு மடங்குக்கும் மேல வேகமா போகுது. ஏன்னா தசை மட்டும் போகல, தசைக்கு மூளையில இருந்து வர்ற கட்டளையும் சேர்ந்து குறையுது. இது அடிபடாத, கத்தி வைக்காத காலோட கணக்கு. உங்களுக்கு உடைஞ்சு, ஆபரேஷன் ஆகி, 10 வாரம். 4 செ.மீ. வித்தியாசத்துல எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல.

அடுத்தது வீக்கம், உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டதே இதுதான், நீங்க அதை போற போக்குல சொல்லிட்டு விட்டுட்டீங்க. முட்டிக்குள்ள நீர் சேர்ந்தா அங்க இருக்கிற நரம்புகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பி, "இந்த மூட்டுல பிரச்சனை, முன் தொடையை முழுசா இறுக்க விடாதே"ன்னு பிரேக் போட்டுடும். இது உங்க கையிலயோ மனசுலயோ இல்ல, தானா நடக்கிற விஷயம். 1984ல வெளியான ஒரு ஆய்வுல நல்லா இருக்கிற முட்டிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா சலைன் ஏத்திப் பார்த்தாங்க, வெறும் 20, 30 மில்லி போனதுமே முன் தொடையோட உள்பக்கத் தசை மந்தமாயிடுச்சு, 50, 60 மில்லில மத்த பகுதிகளும். வலியே இல்லாம. 30 மில்லின்னா ரெண்டு டேபிள்ஸ்பூன்தான், வெளிய இருந்து பார்த்தா வீக்கம்னே பல பேருக்குத் தெரியாது. சாயங்காலம் முட்டியில நீர் கோத்துக்கிட்டு 100 தடவை தூக்கினா, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டரை அழுத்தற மாதிரிதான்.

அதனால முதல் 2 வாரம் புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாம், வீக்கத்தைக் குறைங்க. 40 நிமிஷ நடையை 15 நிமிஷமா ரெண்டு வேளையாப் பிரிங்க, கிளாஸ்ல எல்லா பீரியடும் நின்னுக்கிட்டே எடுக்காதீங்க, ஸ்டூல் போட்டு உட்காருங்க. வீட்டுக்கு வந்ததும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல உயர்த்தி வச்சு, துணியில சுத்தின ஐஸ் 15 நிமிஷம். காலையில எழுந்ததும், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடியும் முட்டிச் சிப்பி நடுவுல டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. நீங்க தொடையை மட்டும் அளந்துட்டு இருந்தீங்க, இனிமே முட்டியையும் அளக்கணும், வரப்போற மாசங்கள்ல எவ்ளோ வெயிட் தாங்கும்னு உங்களுக்குச் சொல்லப்போறது அந்த நம்பர்தான். உடற்பயிற்சி பண்ணின மறுநாள் காலையில அது 1 செ.மீ. ஏறியிருந்தா நேத்து பண்ணினது அதிகம்.

கூடவே ஒண்ணு செக் பண்ணுங்க. கட்டில்ல குப்புறப் படுத்து, ரெண்டு முட்டிச் சிப்பியும் கட்டில் விளிம்புக்கு வெளிய வர்ற மாதிரி காலைத் தொங்க விடுங்க, வீட்ல யாரையாவது ரெண்டு குதிகாலும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. இடது குதிகால் மேல நிக்குதுன்னா உங்க முட்டி முழுசா நீளலன்னு அர்த்தம், 1 செ.மீ. வித்தியாசம் தோராயமா 1 டிகிரி. "நல்லா மடங்குது"ன்னு சந்தோஷமா எழுதிருக்கீங்க, நீள்றதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பெரும்பாலும் எல்லாருமே இப்படித்தான், மடக்கறதுலயே குறியா இருப்பாங்க. முழுசா நீளாத முட்டியில நின்னா முன் தொடை ஒரு நிமிஷம்கூட ஓய்வு இல்லாம பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அது களைச்சுப் போய்த்தான் விட்டுக் கொடுக்கும். குதிகாலுக்கு அடியில மட்டும் துண்டைச் சுருட்டி வச்சு, முட்டிக்கு அடியில ஒண்ணும் இல்லாம 10 நிமிஷம் அப்படியே தளர விடுங்க, ஒரு நாளைக்கு 3, 4 தடவை. 5 டிகிரிக்கு மேல குறையா இருந்து 3, 4 வாரத்துல நகரலன்னா சர்ஜன்கிட்ட காட்டுங்க, அதைத் தள்ளிப் போடாதீங்க.

இப்ப அந்தத் தசையை எழுப்பணும். காலை நீட்டி உட்காருங்க, முட்டிக்கு அடியில சின்னதா ஒரு துண்டு. வலது காலை முதல்ல செய்ங்க. முட்டியைத் துண்டு மேல அழுத்துங்க, அப்ப வலது கை ரெண்டு விரலை முட்டிச் சிப்பிக்குக் கொஞ்சம் மேல, உள்பக்கமா வைங்க. அங்க கண்ணீர்த் துளி மாதிரி ஒரு தசை கல்லாட்டம் எழும்பும், முட்டிச் சிப்பி இடுப்பைப் பார்த்து ஒரு விரல் அளவு சறுக்கிப் போகும். இப்ப இடது கால். அதே இடத்துல விரலை வைங்க. என் கணிப்பு, அங்க ரொட்டி மாவு மாதிரி மெத்துனு இருக்கும், சிப்பி அசையாது, ஆனா உங்க புட்டம் இறுகியிருக்கும், கால் விரல் எல்லாம் மேல வளைஞ்சிருக்கும், மூச்சைக்கூடப் பிடிச்சிருப்பீங்க. உடம்பு வேலையை வேற இடத்துக்குத் தள்ளிடுச்சு. நீங்க தினமும் தூக்கற அந்த 200ல எத்தனை, இடுப்பு மடக்கற தசை செஞ்சதுன்னு இப்பப் புரியுதா. தொடையை மேல தூக்கறது இடுப்புத் தசையோட வேலை, முன் தொடைக்கு அதுல முட்டியை நேரா பிடிச்சிருக்கிறது மட்டும்தான் பங்கு.

விரலை அங்கயே வச்சு, விரலுக்கு அடியில கல்லாகிற வரைக்கும் பழகுங்க. புட்டத்தைத் தளர்த்துங்க, மூச்சு விடுங்க, சிப்பியை மேல இழுக்கணும்னு நினைங்க. 10 செகண்ட் பிடிச்சு, 10 தடவை, நாளைக்கு 4, 5 வேளை. கிளாஸ்ல ஸ்டூல்ல உட்கார்ந்தே பண்ணலாம், யாருக்கும் தெரியாது. 2 வாரம் ஒழுங்கா பண்ணியும் எழும்பலன்னா கரண்ட் மெஷின் உபயோகப்படும், தொடையில பேட் ஒட்டி தசையைச் சுருங்க வைக்கிறது. நீங்க அதையும் கேட்டிருந்தீங்க. ஆனா மெஷின் ஓடும்போது நீங்க போன் பார்த்துட்டு இருந்தா பிரயோஜனம் கம்மி, அது இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து இறுக்கணும். பேஸ்மேக்கர் வச்சவங்க தொடவே கூடாது. மசாஜ் பண்ணினா சுகமா இருக்கும், தசை வளராது, அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல.

காலை நீட்டித் தூக்கறது கெட்ட பயிற்சின்னு நான் சொல்ல வரல. ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரங்கள்ல அதை விட நல்லது கிடையாது. ஆனா அதுல உங்க தசைக்குக் கிடைக்கிற பாரம் உங்க காலோட எடை மட்டும்தான், 200 பண்ணினாலும் 400 பண்ணினாலும் பாரம் அதேதான், ஏற மாட்டேங்குது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எல்லா முட்டிக்கும் இதையே எழுதிக் கொடுத்து, வந்து காட்டும்போது எண்ணிக்கையை மட்டும் ஏத்தி அனுப்புவேன். 3 மாசம் கழிச்சு வந்த ஒருத்தரோட தொடை அப்படியே இருந்துச்சு, அவரு ஒரு நாள்கூட விடாம பண்ணிருந்தாரு, நோட்ல டிக் போட்டு வச்சிருந்தாரு. அந்த நோட்டை இன்னிக்கும் மறக்க முடியல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல, நான் கொடுத்த பாரம்தான் போதல.

இந்தத் தப்பை எனக்கு ரொம்ப முன்னாடியே ஒருத்தர் திருத்தி வச்சிருக்காரு. ரெண்டாம் உலகப் போர் சமயம், அமெரிக்காவுல சிகாகோ கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரி, காலில் அடிபட்ட வீரர்கள் மாசக்கணக்கா படுத்திருந்தாங்க, அப்பல்லாம் லேசான பாரத்தை நிறைய தடவை தூக்க வைக்கிறதுதான் வழக்கம். தாமஸ் டிலோர்ம்னு ஒரு இளம் டாக்டர், அவரே வெயிட் தூக்கிப் பழகினவரு, பாதத்துல இரும்பு பூட்ஸ் மாட்டி அதுல வெயிட்டைக் கோத்து, கனமா தூக்க வச்சாரு, வாராவாரம் ஏத்தினாரு. 1945ல அதை எழுதி வெளியிட்டாரு. 1948ல அவரும் வாட்கின்ஸும் சேர்ந்து அதைச் சுருக்கி, 10 தடவை தூக்க முடியற அதிகபட்ச எடையை வச்சு, அதுல பாதி 10 தடவை, முக்கால் 10 தடவை, முழுசு 10 தடவைன்னு கொடுத்தாங்க. இன்னிக்கு ஜிம்ல எல்லாரும் சொல்ற 3 செட் 10 ரெப்ஸ், அதாவது 10 தடவை தூக்கி ஓய்வு எடுத்து, அப்படி 3 சுத்து பண்றது, இருக்கே, அதோட வேர் அடிபட்ட காலுக்குச் செஞ்ச வைத்தியத்துலதான் இருக்கு. ஜிம் நமக்கு ஏத்த இடம் இல்லன்னு நினைக்கிற உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நான் இதைக் கண்டிப்பா சொல்லுவேன், அந்த முறையே உங்களுக்காக வந்ததுதான்.

சரி, பிளேட் உடையுமா. எலும்பு கூடாத கால்ல பாரம் போட்டுக்கிட்டே இருந்தா உடையலாம், உலோகம் திரும்பத் திரும்ப வளைஞ்சா களைச்சுப் போகும், எலும்பு கூடுறதுக்கும் பிளேட் களைக்கிறதுக்கும் ஒரு ஓட்டப்பந்தயம் மாதிரி. உங்க கேஸ்ல எலும்பு ஜெயிச்சிடுச்சுன்னு எக்ஸ்ரே பார்த்தவரே சொல்லிட்டாரு, இனிமே பாரத்தை எலும்புதான் வாங்கப் போகுது. இருந்தாலும் ஒரு கேள்வியை அவர்கிட்ட நேராவே கேட்டுடுங்க, "ஒத்தைக் கால்ல லெக் பிரஸ், படி ஏறி இறங்கற பயிற்சி, லெக் எக்ஸ்டென்ஷன் பண்ணலாமா"ன்னு. லெக் பிரஸ்னா உட்கார்ந்து பாதத்தால எடையைத் தள்ற ஜிம் மெஷின், லெக் எக்ஸ்டென்ஷன்னா உட்கார்ந்து மடக்கின முட்டியை நீட்டி எடையைத் தூக்கற மெஷின். நார்மலா நடங்கன்னு சொன்னதையே எல்லாத்துக்கும் அனுமதின்னு எடுத்துக்காதீங்க. எலும்பு இன்னும் கூடாம இதைப் படிக்கிறவங்க யாராவது இருந்தா இங்கேர்ந்து கீழ சொல்றது எதுவும் உங்களுக்கு இப்ப வேணாம். ஆனா நல்ல காலுக்குப் பயிற்சி கொடுங்க, ஒரு பக்கம் பழகினா மறு பக்கத்துக்கும் கொஞ்சம் பலம் போகும், 1894லயே யேல் யூனிவர்சிட்டில பார்த்துட்டாங்க.

உங்க கால் ஏன் நடந்தும் வளரலன்னா, சமதளத்துல நடக்கும்போது முன் தொடைக்கு வேலை ரொம்பக் கம்மி, அந்தக் கம்மியையும் உங்க உடம்பு கொடுக்க மாட்டேங்குது. வலது கால் இருக்கே, அது நல்ல எண்ணத்துல எல்லா வேலையையும் தன் மேல போட்டுக்குது. நாற்காலில இருந்து எழுந்திருக்கும்போது வலது, குனியும்போது வலது, வண்டியில ஏறும்போது வலது. ஊன்றுகோல் வச்சிருந்தப்ப "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல"ன்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அப்ப அது பாதுகாப்பு. அதை அப்படியே வச்சுக்கிட்டீங்கன்னா, யோசிச்சுப் பாருங்க, ஏறும்போதும் வலது கால்தான் உடம்பை மேல தூக்குது, இறங்கும்போதும் மேல் படியில நிக்கிற வலது கால்தான் உடம்பை மெதுவா இறக்குது. இடது கால் பேருக்குக் கூட வருது. எப்பவாவது மறந்து வலது காலை முதல்ல கீழ வைக்கிறீங்க, அப்பத்தான் இடது தொடைக்கு உடம்பு முழுசையும் இறக்கற வேலை வருது, பழக்கமே இல்ல, முட்டி விட்டுடுது.

திருட்டைக் கண்ணால பாருங்க. எடை பார்க்கிற மெஷின் ஒரே உயரத்துல ரெண்டு எடுத்து பக்கத்துல பக்கத்துல வைங்க, சுவத்தோட ஒட்டின நாற்காலில உட்கார்ந்து ஒவ்வொரு மெஷின் மேலயும் ஒவ்வொரு காலை வச்சு, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு எழுந்திருங்க, யாராவது நம்பரை வீடியோ எடுக்கட்டும். எல்லாம் சமமாத்தான் இருக்குன்னு உறுதியா சொன்னவங்களுக்கே வலதுல 40, இடதுல 20ன்னு வந்து நான் பார்த்திருக்கேன். அந்த வீடியோவை அவங்களுக்குக் காட்டினா ஒரு நிமிஷம் பேச்சே வராது. அப்புறம் மெஷினைப் பார்த்துக்கிட்டே நம்பர் சமமாகிற மாதிரி எழுந்து உட்காரப் பழகுங்க, மெதுவா, 8ல இருந்து 10 தடவை, 3 செட். முதல் வாரம் தொடை நடுங்கும். நடுங்கணும். உயரமான நாற்காலில ஆரம்பிச்சு போகப் போக உயரத்தைக் குறைங்க, அப்புறம் இடது பாதத்தை உள்ள இழுத்து வலது பாதத்தை முன்னாடி தள்ளி வைங்க, பாரம் தானா இடதுக்கு வந்துடும்.

படி இறங்கறதுக்கு வீட்லயே 10 செ.மீ. உயரத்துல ஆடாத ஒரு பலகை போதும். அது மேல இடது கால்ல நின்னு, விரல் நுனியால சுவத்தைத் தொட்டுக்கிட்டு, 3 எண்ணி எண்ணி முட்டியை மடக்கி, வலது குதிகால் தரையைச் சும்மா தொட்டதும் மறுபடியும் மேல. தரையில பாரம் போடாதீங்க, போட்டா மறுபடியும் வலது கால் உதவிக்கு வந்துட்டுதுன்னு அர்த்தம். கண்ணாடி முன்னாடி பண்ணுங்க, இடது முட்டி கட்டை விரலைத் தாண்டி உள்ள விழக்கூடாது, வலது பக்க இடுப்பு சரியக்கூடாது. இடுப்பு சரிஞ்சா பக்கவாட்டு இடுப்புத் தசையும் மெலிஞ்சிருக்கு, பக்கமா படுத்து காலைத் தூக்கறதையும் சேர்த்துக்கோங்க. 10 செ.மீ. சுத்தமா 10 தடவை வந்ததும் 15, அப்புறம் 20. வீட்டுப் படியில அது வரைக்கும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க, வீராப்பு வேணாம்.

ஜிம்ல லெக் பிரஸ், ஒத்தைக் கால். இடது முதல்ல, அதுல எத்தனை வந்துச்சோ வலதுக்கும் அதே, இடதுக்கு மட்டும் ஒரு செட் அதிகம். எடை எவ்ளோன்னா, 8ல இருந்து 12 தடவை பண்ணி முடிக்கும்போது இன்னும் ரெண்டு பண்ணலாம், அதுக்கு மேல முடியாதுங்கிற மாதிரி இருக்கணும். 20 தடவை சிரிச்சுப் பேசிக்கிட்டே வருதுன்னா அது உங்களுக்குப் பயிற்சி இல்ல. எல்லா செட்லயும் 12 வந்துட்டா 5ல இருந்து 10 சதவீதம் ஏத்துங்க. ஆரம்பத்துல முட்டியை ரொம்ப ஆழமா மடக்க வேணாம், 60 டிகிரி போதும். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினை நிறைய பேர் பயந்து விட்டுடுவாங்க, எனக்கு அது அவசியம்னு தோணுது, ஏன்னா அதுல மட்டும்தான் இடுப்போ புட்டமோ கெண்டைக்காலோ வந்து உதவ முடியாது, முன் தொடை தனியா மாட்டிக்கும். சிப்பி பின்னாடி வலி வந்தா 90ல இருந்து 45 டிகிரி வரைக்கும் மட்டும் நீட்டுங்க, அந்தப் பகுதியில சிப்பிக்கு அழுத்தம் கம்மி. பின் தொடைக்கு ஒரு மெஷின், கெண்டைக்காலுக்கு நின்னுக்கிட்டு குதிகாலைத் தூக்கறது, ஒத்தைக் கால்ல 25 தடவை முழு உயரத்துக்குத் தூக்கறது வரைக்கும் போகலாம். வாரத்துல 3 நாள், நடுவுல ஒரு நாள் கேப், அந்த நாள்ல நடை, சைக்கிள்.

தினமும் பண்ணினா சீக்கிரம் வரும்னு நினைக்காதீங்க. தசை கட்டறது ஓய்வு நாள்லதான். தூக்கம் கெட்டாலும் அந்த வேலை கெடும். புரோட்டீன் உங்க உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் கிட்ட வச்சுக்கோங்க, ஒரே வேளையில கொட்டாம 3, 4 வேளையாப் பிரிச்சு, கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டரைக் கேட்காம ஏத்த வேணாம்.

வலியைப் பத்தி. பயிற்சி நேரத்துல 10க்கு 3 வரைக்கும் வலி வந்தா பரவாயில்ல, 24 மணி நேரத்துக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும், மறுநாள் காலை முட்டி அளவு ஏறக்கூடாது. தொடைச் சதையில பரவலா வர்ற வலி நல்ல அறிகுறி, மூட்டுக்குள்ள ஊசியா குத்துறது இல்ல. இது எல்லாத்தையும் விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயங்களும் இருக்கு: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினா வலிக்கிறது, திடீர்னு மூச்சு வாங்கறது அல்லது நெஞ்சு வலி, ரத்தக்கட்டியா இருக்கலாம். தையல் போட்ட இடத்துல சிவப்பு, கசிவு, கூட காய்ச்சல். பாதம் மேல தூக்க வராம தொங்கறது. டப்புனு ஒரு சத்தம் வந்து அதுக்கப்புறம் முட்டியை நீட்டவே முடியாமப் போறது.

வயசு 41ன்னு ஏதோ கதவு மூடின மாதிரி எழுதிருந்தீங்க. 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 86ல இருந்து 96 வயசு வரைக்கும் 10 பேருக்கு 8 வாரம் கனமான வெயிட்ல முன் தொடைப் பயிற்சி கொடுத்தாங்க. முடிச்ச 9 பேரோட பலம் சராசரியா 174 சதவீதம் ஏறிச்சு, நடுத்தொடைத் தசையோட பரப்பு 9 சதவீதம் கூடிச்சு. பலம் ஏறின அளவுக்கு சதை ஏறலங்கிறதையும் பாருங்க, அது உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். முதல் 4, 5 வாரம் வெயிட் ஏறும், படி சுலபமாகும், ஆனா டேப்ல ஒண்ணும் தெரியாது, அப்ப நடக்கிறது மூளை அந்தத் தசையை மறுபடியும் கூப்பிடப் பழகறது. அதுக்கப்புறம்தான் பருமன். இந்த இடத்துலதான் நிறைய பேர் டேப்பைப் பார்த்து மனசு விட்டு நிறுத்திடுவாங்க, அதனால நான் உங்களைக் கேட்டுக்கிறது, தொடையை மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல அளக்காதீங்க, அதுவும் முட்டிச் சிப்பி மேல் விளிம்புல இருந்து 15 செ.மீ. அளந்து பேனாவால குறி போட்டு, தசையைத் தளர்த்தி, ஒரே நேரத்துல. டேப் கொழுப்பையும் சேர்த்துத்தான் அளக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

எவ்ளோ நாள் ஆகும்னு கேட்டா உங்களுக்கு இனிப்பா ஒரு பொய் சொல்ல விருப்பம் இல்ல. இதே எலும்பு உடைஞ்சவங்களை ஒரு வருஷம் கழிச்சு அளந்த ஆய்வு 2005ல வந்துச்சு, முன் தொடை பலம் முழுசா திரும்பினது 14 சதவீதம் பேருக்குத்தான். அதைப் படிச்சு பயப்படாதீங்க. ஒரு வருஷம் ஆனா பலம் தானா திரும்பிடும்னு நம்பி இருக்க முடியாதுன்னு அது சொல்லுது, அதனாலதான் நான் இவ்ளோ வற்புறுத்தறேன். படி இறங்கறது 6ல இருந்து 8 வாரத்துல மாறும்னு எதிர்பார்க்கலாம், சதை கண்ணுக்குத் தெரிய 3, 4 மாசம், ரெண்டு காலும் பக்கத்துல வர ஒரு வருஷம் கிட்ட. கடைசில 1 செ.மீ. வித்தியாசம் நின்னுட்டாலும் நிக்கலாம். லெக் எக்ஸ்டென்ஷன்ல இடது கால் தூக்கறது வலதுல 90 சதவீதத்தைத் தொட்டா எனக்கு அது போதும், ஓட்டம், குதிக்கிறது எல்லாம் அதுக்கப்புறம் யோசிக்கலாம்.

இந்த வாரம் மூணே மூணு செய்ங்க. குப்புறப் படுத்து குதிகால் வித்தியாசம் எத்தனை செ.மீ., துண்டை அழுத்தும்போது விரலுக்கு அடியில என்ன தெரிஞ்சுது, ரெண்டு மெஷின்ல எழுந்தப்ப என்ன நம்பர். எழுதி அனுப்புங்க, அதைப் பார்த்துட்டு முதல் வெயிட் எவ்ளோன்னு சொல்றேன். பக்கத்துல ஒரு ஃபிசியோ இருந்தா ஒரு தடவையாவது நேர்ல போய்க் காட்டுங்க, விரலை வச்சுப் பார்க்கிறதுக்கு எழுத்து ஈடாகாது. அது வரைக்கும் அந்த 200ஐ நிறுத்திடுங்க.